எல்லாம் எழுபத்தொன்று

இல்லை சார், நான் மிலிட்டரி இல்லை. பையைப் பார்த்துக் கேட்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். கண்டக்டர்கூட டிக்கெட் கிழிக்கும்போது ஒரு சல்யூட் வைத்தார். அவரை நான் திருத்தவில்லை. சிலரைத் திருத்துவது வீண் வேலை.

காலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மிதிபடக் கூடாது. வேண்டாம், இருங்கள், மடியிலேயே வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில். விபத்து என்று சொல்லிப் பணம் கேட்பார்கள் அல்லவா, அது உண்மையான விபத்தா, சுவரில் தாங்களே கொண்டுபோய் இடித்ததா என்று கண்டுபிடிக்கிற பிரிவு. பி.காம். படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எதையும் ஒருமுறைக்கு நான்கு முறை பார்க்கிற பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தவறு செய்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதவன் அப்படித்தான் பார்ப்பான்.

இது சேகரிப்பு சார். பழைய பட்டாளத்துப் பைகள், தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டின், பெல்ட், தரையில் விரிக்கிற ரப்பர் துணி. ஒரு சிப்பாய் முதுகிலும் இடுப்பிலும் சுமந்துகொண்டு போகிறதெல்லாம். உங்கள் முகம் போகிற போக்கு தெரிகிறது. என் அப்பாவுக்கும் இதே முகம்தான். எவனோ தூக்கிப் போட்டதுக்கு நீ ஏன்டா பல்லாவரம் சந்தையில போய் அலையற என்பார். அவர் செங்கல் சூளையில் கல் அறுத்தவர். அவருக்குக் கல்லுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் கிடையாது.

சென்னையில் எங்களுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. இருபது பேர் சேர்ந்தால் அதிகம். அதில் உண்மையாகவே விஷயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், சொன்னால் தற்பெருமை ஆகிவிடும். ஒருவர் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். வரவேற்பறைச் சுவரில் ஹெல்மெட்டாக மாட்டி வைத்திருப்பார், மான் தலை மாட்டுகிற மாதிரி. இன்னொருவர் பல் டாக்டர், ஷியாம் என்று பெயர். பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார். பழைய பட்டாளத்துப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு லடாக் போவார். பனியைப் பார்த்துவிட்டு வந்து மூன்று மாதம் பேசுவார். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். நடுவில் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிவதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நான் பேச மாட்டேன். முத்திரையைப் பார்ப்பேன்.

முத்திரை என்றால், ஒவ்வொரு பொருளிலும் எங்காவது, மூடியின் உள்பக்கமோ பட்டையின் அடியிலோ, கறுப்பு மையில் ஒரு குறி இருக்கும். செய்த ஆலையின் எழுத்து, செய்த வருஷம். அவ்வளவுதான் சார் முழு வித்தையும். அதைப் படிக்கத் தெரிந்தவன் சேகரிப்பாளன். தெரியாதவன் மூட்டை தூக்கி. டாக்டர் ஷியாமிடம் ஒருநாள் அவர் பெல்ட் எந்த வருஷம் என்று கேட்டேன். பழசுதான் பிரதர் என்றார். பல்லையும் அப்படித்தான் பிடுங்குவார் போல.

வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைப்போம். பட்டாளத்தில் அதிகாரி வந்து பார்க்கும்போது சிப்பாய்கள் தங்கள் சாமான்களை ஒரு துணியில் வரிசையாகப் பரப்பி வைப்பார்களாம், இது இங்கே, அது அங்கே என்று ஒழுங்காக. அதே மாதிரி நாங்களும் ஆளுக்கு ஒரு சிப்பாயின் சாமான்களை முழுசாகப் பரப்பி வைக்க வேண்டும். ஒரு ரிட்டையர்டு கர்னல் வந்து பார்ப்பார். முதலிடம் வாங்குகிறவரை அடுத்த வருஷக் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் நாம் ஒன்று சொன்னால் பதில் வரும்.

மற்றவர்கள் எப்படிப் பரப்புவார்கள் தெரியுமா? பை ஐம்பத்தெட்டு. பாட்டில் அறுபத்தேழு. டின் எண்பது. ஒரு துணியில் மூன்று தாத்தாக்களின் சாமான். பார்த்தாலே எனக்குப் பல் கூசும். நான் முடிவு செய்தேன், எல்லாம் ஒரே வருஷம். எழுபத்தொன்று. சண்டை நடந்த வருஷம். ஒரு பக்கிள்கூட எழுபதோ எழுபத்திரண்டோ இருக்கக் கூடாது. அப்படி ஒருவர்கூட வட்டத்தில் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பல்லாவரம் சந்தை, குன்னூரில் ஒரு பழைய இரும்புக்கடை, மாற்றிக்கொள்வதற்கு வட்டத்து ஆட்கள், இப்படிச் சேர்த்தேன். பெல்ட் கிடைத்தது. பாட்டில் கிடைத்தது. தரைத்துணி கிடைத்தது. பை கிடைத்தது, இதோ இதுதான். சாப்பாட்டு டின்தான் கிடைக்கவே இல்லை.

இங்கேதான் என் மாமனார் வருகிறார். நேரில் இல்லை, அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது. முனிரத்தினம். பட்டாளத்தில் நாயக் பதவி. எழுபத்தொன்றில் சண்டைக்குப் போனவர். என் மனைவி பூங்கோதை அவருக்குக் கடைக்குட்டி, அவர் ரிட்டையராகி ஊருக்கு வந்து ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். குடியாத்தம் பக்கம்தான் ஊர். அங்கேதான் இப்போது போகிறேன்.

அவர் காரியம் முடிந்த பிறகு அத்தை ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியைக் காட்டினார்கள். பூங்கோதைதான் சொன்னாள், இதோட மதிப்பு தெரிஞ்சவர் நீங்கதான், நம்ம வீட்டுலயே இருக்கட்டும் என்று. மூத்த மருமகன்கள் இரண்டு பேர் இருக்க, என்னிடம் கொடுத்தார்கள். எழுபத்தொன்றில் போன மனிதரின் பெட்டி. ராத்திரி பஸ்ஸில் வரும்போது அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் திறந்து முத்திரைகளைப் பார்த்தேன். பை அறுபத்திரண்டு. பாட்டில் ஐம்பத்தெட்டு, கம்பளி உறை வேறு எதிலிருந்தோ வெட்டித் தைத்தது. பெல்ட் அறுபத்தாறு, பக்கிள் ஒன்று பித்தளை, இன்னொன்று இரும்பு. தரைத்துணிக்கு முத்திரையே இல்லை. கலப்படம் சார். ஒரே மனிதர் சுமந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பதினைந்து வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் ஒரு ஒழுங்கான ஜோடி சேர்க்கவில்லை. கடைசியில் அடியில் கிடந்தது சாப்பாட்டு டின். நசுங்கி இருந்தது. பக்கத்தில் ஆணியால் பெயரையும் நம்பரையும் கீறியிருந்தார். கைப்பிடிக்கு அடியில் பார்த்தேன். எழுபத்தொன்று.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியாது. பரவாயில்லை.

டின்னை வைத்துக்கொண்டேன். மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டேன். விற்கவில்லை, கவனியுங்கள். வட்டத்தில் யாரும் விற்க மாட்டோம், மாற்றிக்கொள்வோம், அது ஒரு மரியாதை. பாட்டிலையும் பெல்ட்டையும் கொடுத்து இந்தப் பைக்கு எழுபத்தொன்று தோள்பட்டைகள் வாங்கினேன். மாமனாரின் பையை டாக்டர் ஷியாம் கேட்டார், அவருக்கு வருஷம் கிருஷம் ஒன்றும் இல்லையே. வெளியே வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதியிருந்தது அவருக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பதிலாக எழுபத்தொன்று கணுக்கால் பட்டி ஒரு ஜோடி தந்தார். மடிப்புக்கூடக் கலையாதது. பூங்கோதையிடம் சொன்னேனா என்று கேட்பீர்கள். அவள் கேட்கவில்லை. அவள் பார்த்ததெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரஷ் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்ததைத்தான். அப்பா சாமானை எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காரு என்று அவள் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. நல்ல வார்த்தையை நடுவில் போய் நிறுத்துவானேன்?

போன மாதம் கண்காட்சி. அண்ணா நகரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. நான் விடிவதற்கு முன்பே போய்ப் பரப்பிவிட்டேன். ஸ்கேல் வைத்து இடைவெளி அளந்தேன். பத்து மணிக்கு வாசலில் பார்த்தால் பூங்கோதை. பின்னால் அத்தை, பூங்கோதையின் அக்காவான பெரிய அண்ணி, அண்ணியின் கையில் சாப்பாட்டுக் கூடை. அத்தை கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் இருந்தார்கள். வரப்போவதாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பூங்கோதை ஏற்பாடு செய்தாளாம். எல்லா மேசையும் பார்க்க வேண்டாம், அப்பா மேசை மட்டும் காட்டுங்க என்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை நேராக நடந்து ஒரு மேசை முன்னால் போய் நின்றுவிட்டார்கள். என் மேசை இல்லை சார். ஆவடியில் மளிகைக்கடை வைத்திருக்கிற ஒருவருடையது. செத்துப்போன அவருடைய அண்ணனின் பையை அப்படியே கொட்டி வைத்திருந்தார். ஐம்பத்தெட்டும் எழுபதும், பாதி உடைந்த சீப்பும், ஒற்றைச் சாக்ஸும். அதற்கு முன்னால் நின்று அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். இதோ இருக்குது பாரு உங்கப்பாது என்று அண்ணியிடம் சொல்கிறார்கள். மளிகைக்கடைக்காரர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கட்டின புருஷன் சாமானையே அடையாளம் தெரியவில்லை. அந்த அடுக்குமாடிக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்.

கையைப் பிடித்து என் மேசைக்கு அழைத்துவந்தேன். அத்தை பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். எல்லாம் புதுசா இருக்குது மாப்பிள்ளை என்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கர்னல் வந்துவிட்டார்.

நல்ல உயரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒவ்வொன்றாக முத்திரையைப் பார்த்தார். அவர் ஒருவர்தான் முத்திரையைப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

"எல்லாம் எழுபத்தொன்னு," என்றார்.

"ஆமாம் சார். பக்கிள்கூட."

"எழுபத்தொன்னு டிசம்பர்ல நானும் அங்கதான் இருந்தேன். என் பை அறுபத்தி மூணு. பாட்டில் எனக்கு முன்னாடி யாரோ வெச்சிருந்தது. கிடைச்சதைக் கொடுப்பாங்க, பிஞ்சா தைச்சுக்குவோம். இந்தச் சாமானெல்லாம் அப்போ எங்க இருந்துச்சு தெரியுமா தம்பி?"

நான் ஒரு பக்கிளை நேராக்கி வைத்தேன்.

"கிடங்குல. இந்த ஆள் சண்டைக்கே போகலையேப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். இந்தமுறை எதற்கு என்று எனக்குப் புரிந்தது. முதலிடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மளிகைக்கடைக்கு. ஒற்றைச் சாக்ஸுக்கு. கர்னலுக்கு வயதாகிவிட்டது சார். போர் தெரியும், சேகரிப்பு தெரியாது. இரண்டும் வேறு வேறு துறை. யானைமேல் உட்கார்ந்தவனுக்கெல்லாம் யானை வைத்தியம் தெரியுமா?

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பூங்கோதை கேட்டாள், "அப்பா பை எங்க?" மாற்றிக்கொண்டேன் என்றேன். புரியவில்லை அவளுக்கு. யாரோட, எதுக்கு என்றாள். கணுக்கால் பட்டியைக் காட்டினேன். மடிப்புக் கலையாதது என்பதையும் சொன்னேன்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். "அந்தப் பையிலதான் நான் பள்ளிக்கூடத்துக்குப் புஸ்தகம் கொண்டுபோனேன். அஞ்சாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும். எல்லாரும் பட்டாளம் பட்டாளம்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்பாகிட்ட அழுதா, சண்டைக்குப் போயிட்டு வந்த பைம்மா, உன் கணக்குப் பாடத்தைத் தாங்காதான்னு கேப்பாரு," என்றாள். அவ்வளவு பேர் முன்னால். டாக்டர் ஷியாம் தன் செல்போனைப் பார்க்கிற மாதிரி நின்றார்.

அத்தை மேசையிலிருந்த சாப்பாட்டு டின்னை எடுத்தார்கள், அந்தக் கீறலை விரலால் தடவினார்கள், கூடையில் புளிசாதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். பரப்பி வைத்ததை யாரும் தொடக் கூடாது என்று எழுதியே போட்டிருந்தது. அண்ணியும் போனார்கள். பூங்கோதையும் அவர்களோடு போய்விட்டாள். போனவள்தான்.

ஒரு மாதமாகிறது. அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டாளாம். என் அம்மா பேசிப் பார்த்தார், அவள் அசையவில்லை. என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். பையோட வந்தா வாங்க, இல்லன்னா வராதீங்க. ஒரு பைக்காகக் கல்யாணத்தையே பணயம் வைத்துப் பேசுகிறார்கள். நான்தான் பைத்தியம் என்று ஊரெல்லாம் பெயர்.

டாக்டரிடம் போனேன். எதை வேண்டுமானாலும் தருகிறேன், அதைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். மனிதர் கொஞ்சம் சங்கடப்பட்டார். பிறகு கீழே அழைத்துப் போய்த் தன் வண்டியைக் காட்டினார். பையைப் பிரித்து சீட்டுக்கு உறை தைத்துவிட்டார் சார். அந்த வெள்ளை நம்பர் சரியாக அவர் உட்காருகிற இடத்தில் வருகிறது. பட்டைகள் எங்கே என்றேன். அது தேவைப்படல பிரதர், குப்பைக்குப் போயிடுச்சு என்றார். பழைய கான்வாஸ் மழையில் சுருங்கும் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. படித்தவர்.

அதனால்தான் இது. பாருங்கள், வெளிப்பக்கம். இது அந்தப் பை இல்லை. என் எழுபத்தொன்று. நம்பரை நானே எழுதினேன். டின்னை முன்பே படம் எடுத்து வைத்திருந்ததால் நம்பர் சரியாகத் தெரியும். பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டி, டீத்தண்ணியில் தோய்த்து, மொட்டை மாடியில் காயவைத்தேன். அவளுடைய பையையும் படம் எடுத்திருந்தேன், ஆனால் முத்திரையை மட்டும்தான், நான்கு கோணத்தில். வெளிப்பக்கம் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? ஏமாற்று என்று நினைக்காதீர்கள். அவள் அழுதுகொண்டிருப்பது ஓர் அறுபத்திரண்டுக்கு. நான் கொண்டுபோவது அதைவிட எவ்வளவோ உசத்தி. இப்படி ஒன்றைக் கெடுத்து ஒருத்திக்குக் கொடுக்க வட்டத்தில் எவனுக்கு மனசு வரும்?

ஒரு நிமிஷம் சார். அவள்தான்.

ம். ஆற்காடு தாண்டிட்டேன். ஆமா, கொண்டுவரேன். மடியிலதான் இருக்கு. டாக்டர்கிட்டேர்ந்துதான். என்ன? ஏன், வந்ததும் நீயே பாரேன். பஸ்ல ஒரே கூட்டம், எப்படித் திருப்பிப் பார்க்கிறது. ஹலோ. பூங்கோதை? சிக்னல் இல்லை போல.

சிக்னல் இருக்கிறது. நான்தான் வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி கேட்டாள் சார். எந்தப் பட்டை தைச்சிருக்கு, இடதா வலதா, சொல்லுங்க என்கிறாள். ஒரு தோள்பட்டை பிய்ந்துபோய் அவள் அப்பா தைத்துக் கொடுத்தாராம். நான் பார்க்கவில்லை. அந்தப் பை ஒன்றரை வருஷம் என் அலமாரியில் இருந்தது. அறுபத்திரண்டு என்று பார்த்ததும் மூடிவிட்டேன்.

யோசித்தால் வந்துவிடும். சிப்பாய் என்றால் துப்பாக்கியை வலது தோளில் மாட்டுவான், உரசல் அந்தப் பக்கம்தான். அப்படியானால் வலது. ஆனால் பிய்ந்தது அவள் பள்ளிக்கூடம் போகும்போது அல்லவா? பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை பையை இரண்டு தோளிலுமா மாட்டும்? ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுக்கொண்டு போகும். எந்தப் பக்கம்? உங்களுக்கு மகள் இருக்கிறாளா? எந்தத் தோளில் மாட்டுவாள்? உடனே சொல்கிறீர்களே.

பூங்கோதை இப்போதும் அலுவலகத்துக்குப் பை மாட்டிக்கொண்டுதான் போகிறாள். பழுப்பு நிறம். இல்லை, அது போன வருஷத்துப் பை. தினமும் காலையில் அவளுக்குக் கேட்டைத் திறந்துவிடுவது நான்தான் சார். அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, மூன்று வருஷமாகத் திறந்துவிடுகிறேன். தெருமுனை வரைக்கும் நடந்து போவது தெரியும். புடவை தெரிகிறது. நடை தெரிகிறது. பை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

தைக்கவே இல்லையோ என்னவோ. அப்படியும் கேட்பவள்தான் அவள்.

உங்களிடம் பிளேடு இருக்கிறதா? சாவிக்கொத்தில் இருக்கிற சின்னக் கத்தியானாலும் போதும். வேலூரில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும், ஊசி நூல் வாங்கிவிடலாம், குடியாத்தம் போவதற்குள் தைத்துவிடுவேன். கான்வாஸ் தைக்க எனக்குத் தெரியும். கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், பட்டையை இழுத்து. இந்தப் பக்கம் இல்லை. இருங்கள், அவசரப்படாதீர்கள். உங்கள் மகள் மாட்டுவது இடது தோளில் என்றா சொன்னீர்கள்?